மூணாம் மாசமே ஸ்கேன் எடுத்தோமே, அப்பவே ஏன் சொல்லலை?

1955 ஜூலையில் ஒரு நாள், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறு பேராசிரியர் இயன் டொனால்ட் இரண்டு கார்களின் டிக்கியில் சரக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்த ரென்ஃப்ரூ என்ற ஊருக்குப் போனார். சரக்கு என்ன தெரியுமா? ஆபரேஷனில் வெட்டி எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளும் சினைப்பை நீர்க்கட்டிகளும். போன இடம் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற பாய்லர் கம்பெனி. அங்கே இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அனுப்பிப் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. இரும்புக்குள் இருக்கும் விரிசலைப் பார்க்கும் கருவி, சதைக்குள் இருப்பதையும் பார்க்குமா என்பதுதான் டொனால்டின் கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க கம்பெனிக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் வாங்கி வைத்திருந்தார்கள். கெட்டிக் கட்டி ஒரு மாதிரி எதிரொலித்தது, நீர்க்கட்டி வேறு மாதிரி. டொனால்டுக்கு அது போதுமாக இருந்தது.

அப்புறம் டாம் பிரவுன் என்ற இளம் இன்ஜினியர் வந்து சேர்ந்தார். (இந்தத் துறையின் கதையில் டாக்டர்கள் பெயர்தான் முதலில் வரும். கருவியைக் கட்டியது இருபதுகளில் இருந்த ஒரு இன்ஜினியர் என்பதை நம் இனத்தின் சார்பாக இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.) வயிற்றில் முற்றிய புற்றுநோய், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இவர்கள் கருவி காட்டியது பெரிய சினைப்பை நீர்க்கட்டி. அதை எடுத்தார்கள், அவர் பிழைத்தார். 1958 ஜூனில் டொனால்ட், மெக்விகார், பிரவுன் மூவரும் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலும் குழந்தை இல்லை, வயிற்றுக் கட்டிகள்தான் இருந்தன. கருவின் படம் உள்ளே ஒரு ஓரமாக வந்தது.

ஆக, கட்டி தேடப் பிறந்த கருவி பிறகுதான் குழந்தை பார்க்கும் கருவி ஆச்சு. இந்தப் பதிவு இரண்டும் சேரும் இடத்தைப் பற்றியது: வயிற்றில் இருக்கும் குழந்தைக்கே கட்டி இருந்தால்?

அபூர்வம்தான். ஆனால் வரும் வீட்டில் முதலில் எழும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மூணாம் மாசமே ஸ்கேன் எடுத்தோமே, அப்பவே ஏன் சொல்லலை?" கேட்பவர் குரலில் கோபமும் இருக்கும், குற்ற உணர்வும் இருக்கும். நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாகப் படித்ததில் எனக்குப் புரிந்தது இது: "அப்பவே" என்ற சொல்லுக்கு ஒவ்வொரு கட்டிக்கும் ஒவ்வொரு அர்த்தம். ஒன்றில் அது உயிர் பிரச்சினை. இன்னொன்றில் கட்டியைப் பற்றிய செய்தியே அல்ல. மூன்றாவதில், சீக்கிரம் தெரிந்ததால் நல்லது நடக்குமா என்பதே சந்தேகம்.

முதலில் கருவி. ஸ்கேன் எந்திரம் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பி வர ஆகும் நேரத்தை அளக்கிறது. உடம்புக்குள் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. 10 செ.மீ. ஆழத்தில் இருக்கும் குழந்தையைத் தொட்டு ஒலி திரும்ப 130 மைக்ரோ நொடி. 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 0.3 மி.மீ., அதைவிடச் சின்னது தெளிவாகத் தெரியாது. சரி, அலைவரிசையைக் கூட்டினால் இன்னும் கூர்மையாகப் பார்க்கலாமே? பார்க்கலாம். ஆனால் அலைவரிசை கூடக் கூட சதை ஒலியை அதிகமாகத் தின்றுவிடும். 5 மெகாஹெர்ட்ஸில் 10 செ.மீ. போய்த் திரும்புவதற்குள் சுமார் 50 டெசிபல் காலி. அனுப்பிய சக்தியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. அதிலும் எதிரொலித்த துளியை வைத்துத்தான் திரையில் அந்தப் படம் வருகிறது. அம்மாவின் வயிற்றுச் சுவர் தடிமனாக இருந்தாலோ, குழந்தை முதுகைத் தாயின் முதுகெலும்புப் பக்கம் வைத்துப் படுத்திருந்தாலோ அந்தத் துளியிலும் குறை.

இருந்தாலும் குறை முழுக்க எந்திரத்தின் மேல் இல்லை. 12 வாரத்தில் குழந்தையின் நீளம், தலையிலிருந்து பிட்டம் வரை, ஐந்தரை செ.மீ. மூணாம் மாச ஸ்கேனில் முக்கியமாகப் பார்ப்பது நாள் கணக்கு, பிடரியில் நீர், பெரிய உறுப்புக் குறைகள். பல கட்டிகள் அந்தச் சமயத்தில் பார்க்கும் அளவுக்கு வளர்ந்தே இருக்காது. இல்லாததை எந்த எந்திரமும் காட்டாது.

இப்போது முதல் கட்டி. வால் எலும்பின் நுனியில் வளரும் டெரடோமா. பிறந்த குழந்தைகளிடம் காணும் கட்டிகளில் முன் வரிசையில் இருப்பது இதுதான், அப்படியும் 35,000 முதல் 40,000 பிறப்புகளுக்கு ஒன்று. கரு உருவாகும் மூன்றாம், நான்காம் வாரத்தில் எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல்கள் முதுகுப் பக்கம் ஒரு கோடாக இருக்கும். வேலை முடிந்ததும் அவை வால் பக்கமாகச் சுருங்கி மறைய வேண்டும். மிச்சம் ஏதாவது அங்கேயே தங்கினால், அது தன் போக்கில் வளர ஆரம்பிக்கும். அதனால்தான் இந்தக் கட்டிக்குள் முடி, குருத்தெலும்பு, நரம்புத் திசு, சில சமயம் பல் கூட இருக்கும். அதனால்தான் ஆபரேஷனில் கட்டியோடு வால் எலும்பையும் எடுத்துவிடுகிறார்கள். விட்டால் மறுபடி முளைக்கும்.

பிறந்த குழந்தைகளிடம் இது பெரும்பாலும் புற்று இல்லை. பின்னே ஏன் பயம்? நானும் இங்கேதான் நின்றேன். கருவுக்குள் இந்தக் கட்டி கொல்வது புற்றாக அல்ல, ரத்தத் திருடனாக.

20 வாரக் குழந்தையின் எடை 300 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அதன் இதயம் நிமிஷத்துக்கு மொத்தமாக அடிக்கும் ரத்தம், கிலோவுக்கு 450 மில்லி என்று கணக்கு வைத்தால், சுமார் 150 மில்லி. ஒரு சின்ன டம்ளர். துடிப்புக்கு 1 மில்லி. இதில் பெரிய பங்கு தொப்புள் கொடி வழியாக நஞ்சுக்கொடிக்குப் போய் ஆக்ஸிஜன் வாங்கி வரவேண்டும். கெட்டியான டெரடோமாவுக்குள் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக, தடையே இல்லாமல் இருக்கும். மின்சுற்றில் பக்கவாட்டில் ஒரு குறைந்த மின்தடையை இணைத்தால் என்ன ஆகும்? கரன்ட் அந்த வழியில் ஓடும். அதே கதை. சாதாரணமாக நூல் போல இருக்கும் நடு இடுப்பு ரத்தக் குழாய் தடித்துப் போய்க் கட்டிக்குத் தீனி போடும். மற்ற உறுப்புகளுக்கும் குறையாமல் கொடுக்க இதயம் இன்னும் வேகமாக அடிக்கும். இயல்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் இதயம் வீங்கும், குழந்தையின் உடம்பு முழுக்க நீர் கோத்துக்கொள்ளும், நஞ்சுக்கொடி தடிக்கும். சில தாய்மார்களுக்கும் அதே போல உடம்பு வீங்கி ரத்த அழுத்தம் ஏறும். குழந்தைக்கு நடப்பதைத் தாயின் உடம்பு பிரதிபலிப்பதால் இதற்குக் கண்ணாடி நோய்க்குறி என்று பெயர். அந்தக் கட்டத்தில் ஆபத்து இரண்டு உயிருக்கு.

ஆகவே இங்கே "கட்டி இருக்கிறதா" என்பது முதல் கேள்வி மட்டும்தான். அடுத்த கேள்விகள்தான் முக்கியம். கெட்டியா, நீர்ப்பையா? நீர்ப்பை என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், ரத்தம் அதிகம் திருடாது. (நீர்ப்பையாக இருந்தால் முதுகுத் தண்டுவடப் பிளவு என்று குழப்பிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. அதனால் முதுகெலும்பையும் சிறுமூளையின் வடிவத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.) டாப்ளரில் உள்ளே எவ்வளவு ரத்தம் ஓடுகிறது? இதயம் மார்பில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது? எவ்வளவு வேகமாக வளர்கிறது?

கடைசிக் கேள்விக்கு ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது: கட்டியின் கன அளவை மில்லியில் எடுத்து, குழந்தையின் எடையைக் கிராமில் எடுத்து, வகுக்க வேண்டும். 24 வாரத்துக்கு முன்பே அது 0.12-ஐத் தாண்டினால் நிலைமை மோசமாகும் என்று அமெரிக்க மையங்களின் ஆய்வுகள் காட்டின. 330 கிராம் குழந்தைக்கு 0.12 என்றால் 40 மில்லி. உருண்டையாக வைத்தால் 4.2 செ.மீ. விட்டம், ஒரு எலுமிச்சம் பழம். பழத்தின் விட்டம் 4.2-லிருந்து 5.3 ஆனால் கன அளவு இரண்டு மடங்கு! திரையில் பார்க்கும்போது "கொஞ்சம் பெரிசாகியிருக்கு" என்று தோன்றும் அளவுதான். இதையே திருப்பிப் போடுங்கள். அளப்பவரின் கை ஒவ்வொரு பக்கமும் 10 சதவீதம் கூடுதலாக அளந்தால் கன அளவு 33 சதவீதம் தப்பு. குழந்தையின் எடையும் தராசில் நிறுத்ததில்லை, தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளிலிருந்து சூத்திரத்தால் கணித்தது. எனவே ஒரே ஒரு ஸ்கேனில் வந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்வது கஷ்டம். வாரா வாரம், முடிந்தால் ஒரே கையால் அளந்த வரிசைதான் கதை சொல்லும். சர்வர் கண்காணிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை: ஒரு புள்ளி அல்ல, கோட்டின் சாய்வு.

சீக்கிரம் தெரிந்தால் கிடைப்பது இந்தக் கோடு. 18-லிருந்து 20 வாரத்தில் எடுக்கும் அஞ்சாம் மாச ஸ்கேனில் பிடிபட்டால் கோட்டை வரைய நேரம் இருக்கும். கோடு செங்குத்தாக ஏறினால் சில வழிகள் உண்டு. 28 வாரத்தை நெருங்கியிருந்தால் முன்கூட்டியே பிரசவம். அதற்கு முன்பே இதயம் தளர்ந்தால், ஊசி வழியாக ரத்தக் குழாயைச் சுடுவது, இல்லையென்றால் கர்ப்பப்பையைத் திறந்து கட்டியை வெட்டுவது. இரண்டாவது வழியில் குழந்தை பிழைத்ததை அட்ஸிக் என்ற அறுவை நிபுணரும் அவருடைய குழுவும் 1997-இல் லான்செட்டில் எழுதினார்கள். 2016-இல் ஹூஸ்டனின் டெக்சாஸ் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்ததைப் பலர் படித்திருப்பீர்கள். 16 வாரத்தில் கட்டி தெரிந்தது. 23 வாரம் தாண்டியபோது கட்டி ஏறக்குறைய குழந்தை அளவு. குழந்தையை வெளியே எடுத்துக் கட்டியின் பெரும் பகுதியை வெட்டினார்கள், நடுவில் இதயம் கிட்டத்தட்ட நின்றேபோனது, மீண்டும் கர்ப்பப்பைக்குள் வைத்துத் தைத்தார்கள். இன்னும் 12 வாரம் உள்ளே இருந்து ஜூனில் பிறந்தது. மிச்சக் கட்டியை பிறந்த எட்டாம் நாள் எடுத்தார்கள். செய்திகள் "இரண்டு முறை பிறந்த குழந்தை" என்று கொண்டாடின. ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தும் வழி இல்லை. தாய்க்கு எந்த நோயும் இல்லாதபோது அவர் வயிற்றைத் திறக்கிறார்கள், அடுத்த பிரசவங்களிலும் அந்தத் தையல் பிரியும் ஆபத்து இருக்கிறது. கண்ணாடி நோய்க்குறி வந்துவிட்டால் இதைச் செய்யவே மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், முன்பே தெரிவதன் பெரிய லாபம் இந்த வீரதீர ஆபரேஷனில் இல்லை. அது மிகச் சாதாரணமான இடத்தில் இருக்கிறது: பிரசவம் எங்கே, எப்படி என்ற முடிவில். பெரிய கட்டியோடு இருக்கும் குழந்தைக்கு யாருக்கும் தெரியாமல் சுகப்பிரசவம் பார்க்கப் போனால், பாதியில் சிக்கும். கட்டி கிழிந்து ரத்தம் கொட்டினால், மொத்தமாகவே கால் லிட்டர் ரத்தம் உள்ள உயிருக்கு நிமிஷங்கள்தான் அவகாசம். முன்பே தெரிந்தால் சிசேரியன், பக்கத்திலேயே குழந்தை அறுவை நிபுணர், கையில் ரத்தம். இவ்வளவுதான் வித்தியாசம், உயிர் அதில் இருக்கிறது.

சரி, அஞ்சாம் மாச ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிடுமா? 1974-இல் ஆல்ட்மன் என்பவர் இந்தக் கட்டிகளை நாலு வகையாகப் பிரித்தார். முதல் வகை பெரும்பாலும் வெளியே தொங்கும், கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரியும். நாலாவது வகை முழுக்க இடுப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மூத்திரப் பையும் குடலும் இருக்கும் அந்த நெரிசலில் நல்ல கைக்கும் தப்பும். பிறந்த பிறகும் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் தெரியாமல் இருந்து, அதற்குள் புற்றாக மாறிவிடும் வாய்ப்பும் இதற்கே அதிகம்.

கையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஏறத்தாழ 9 லட்சம் பிறப்பு. அந்த விகிதத்தில் மாநிலம் முழுக்க வருஷத்துக்கு இருபது, இருபத்தைந்து குழந்தைகள். தினம் பத்து பேருக்கு அஞ்சாம் மாச ஸ்கேன் பார்க்கும் ஒரு டாக்டர் வருஷத்துக்கு 3,000 பார்ப்பார். 13 வருஷத்துக்கு ஒன்று அவர் கண்ணில் படும். நாற்பதாயிரத்தில் ஒன்றுக்காக ஒவ்வொரு முறையும் முதுகெலும்பை நுனி வரை பார்ப்பது பழக்கத்தால் மட்டுமே நடக்கும்.

சட்டமும் இங்கே ஒரு கடிகாரத்தை ஓடவிட்டிருக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு கருக்கலைப்புச் சட்டத்தில் சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புதல் போதும். கருவில் கடுமையான குறை என்றால் மருத்துவ வாரியம் பார்த்து அதற்குப் பிறகும் அனுமதிக்கலாம். அனுமதிக்கலாம் என்பதற்கும், ஏழாம் மாசத்தில் வாரியத்தின் முன் ஃபைலோடு நிற்பதற்கும் உள்ள தூரத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு விஷயம்: இந்தக் கட்டி ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகம். வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் அது முதல் வரியிலேயே வரும். நம் ஊரில் எந்த ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் குழந்தை ஆணா பெண்ணா என்பது வராது, வரவும் கூடாது. அதன் காரணம் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது கட்டியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். இதயச் சதையில் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும் ரேப்டோமயோமா. கருவின் இதயக் கட்டிகளில் அதிகம் காண்பது இதுதான். மூணாம் மாசத்தில் தெரியாது, பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பிறகுதான். ரத்தம் போகும் வழியை அடைக்காதவரை இதயத்துக்குத் தொல்லை இல்லை, பிறந்த பிறகு தானாகவே சுருங்கும். அப்படியானால் நிம்மதிதானே? இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பொட்டுகள் இருந்தால் பெரும்பாலும் அது டியூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்ற மரபணு நோயின் முதல் அடையாளம். 9-ஆம் குரோமோசோமிலோ 16-ஆம் குரோமோசோமிலோ ஒரு மரபணு பழுது. பின்னால் வலிப்பு, வளர்ச்சிக் குறைபாடு, சிறுநீரகக் கட்டிகள் வரலாம். சிலருக்கு மிக லேசாகவும் போகலாம், கருவிலேயே அதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. இங்கே ஸ்கேன் கண்டுபிடிப்பது கட்டியை இல்லை, ஒரு வழிகாட்டிப் பலகையை. வலிப்பு வருவதற்கு முன்பே விகாபட்ரின் மருந்து கொடுத்தால் உதவுமா என்று சோதித்தார்கள். ஐரோப்பியக் குழுவின் சோதனையில் வலிப்பு குறைந்தது. பிறகு வந்த அமெரிக்கச் சோதனையில் இரண்டு வயதில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு கொடிய வகை வலிப்பு குறைந்திருந்தது.

மூன்றாவதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் வரும் நியூரோபிளாஸ்டோமா. பெரும்பாலும் கடைசி மூன்று மாசத்தில்தான் ஸ்கேனில் தெரியும். பெயரைக் கூகுளில் போட்டால் தலை சுற்றும், குழந்தைகளின் கொடிய புற்றுகளில் ஒன்று. ஆனால் அந்த வேகமான நோய் வேறு, சிசுப் பருவத்தில் தெரியும் இது பெரும்பாலும் வேறு. 1963-இலேயே பெக்வித், பெர்ரின் என்ற இரண்டு நோய்க்குறியியல் நிபுணர்கள் வேறு காரணங்களால் இறந்த பச்சைக் குழந்தைகளின் அட்ரீனலில் இதன் நுண்ணிய கட்டிகளைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும் நோயைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியானால் மிச்சமெல்லாம் எங்கே போயின? தானே கரைந்துவிட்டன.

இதைத் தெரியாமல் தேடப் போனால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் செய்து பார்த்தது. 1980-களின் நடுவிலிருந்து ஆறு மாசக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து நாடு முழுக்க நியூரோபிளாஸ்டோமா தேடினார்கள். நிறையக் கண்டுபிடித்தார்கள், ஆபரேஷன், கீமோ எல்லாம் கொடுத்தார்கள். கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் இதே மாதிரித் தேடியவர்கள் 2002-இல் முடிவை வெளியிட்டபோது, கண்டுபிடித்த எண்ணிக்கை கூடியிருந்தது, இறந்த எண்ணிக்கை குறையவில்லை. ஜப்பான் சில வருஷத்தில் திட்டத்தை நிறுத்தியது. பிடிபட்டவற்றில் பல தானே போயிருக்கக்கூடியவை, கொல்லக்கூடியவை ஆறு மாசத்துக்குப் பிறகு வந்தன.

அதனால் கருவிலோ பிறந்த சில மாசத்திலோ தெரியும் சின்ன அட்ரீனல் கட்டிகளை உடனே வெட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன என்று அமெரிக்காவில் குழந்தைகள் புற்றுநோய்க் குழு ஒரு ஆய்வு செய்தது. 2012-இல் முடிவு வந்தது. சேர்ந்த 87 குழந்தைகளில் 83 பேரின் பெற்றோர் கத்தி வேண்டாம், காத்திருக்கிறோம் என்றார்கள். குறித்த இடைவெளியில் ஸ்கேனும் சிறுநீர்ச் சோதனையும், கட்டி வளர்ந்தால் மட்டும் ஆபரேஷன். ஐந்தில் நாலு பேருக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது அத்தனை குழந்தைகளும் உயிரோடு இருந்தார்கள்.